கணக்கு போடும் கனவான்

ஜொனாதன் ஸ்விஃப்ட் 1729-இல் டப்ளினில் தன் பெயர் போடாமல் ஒரு சிறு பிரசுரம் வெளியிட்டார். 'எ மாடஸ்ட் ப்ரொபோசல்'. தமிழில் 'ஒரு பணிவான யோசனை' என்று சொல்லிப் பார்க்கலாம். ஏழைகளின் குழந்தைகளை ஒரு வயதில் இறைச்சிக்கு விற்றுவிடலாம் என்பதுதான் அந்த யோசனை. இதைக் கேள்விப்படாத இலக்கிய வாசகர் குறைவு. கேள்விப்பட்டதாலேயே படிக்காமல் விட்டவர்கள் அதிகம். 'அதான் தெரியுமே, பிள்ளைக்கறிக் கட்டுரைதானே?' ஆனால் உட்கார்ந்து படித்தால், சாப்பிடும் பேச்சு வருவதற்கு எட்டு ஒன்பது பத்திகள் ஆகின்றன. எனக்கு அந்தப் பத்திகள்தான் முக்கியம்.

தொடக்கத்தில் பேசுகிறவர் நல்ல மனிதர். கந்தல் கட்டிய பெண்கள் தெருவில் பிச்சை கேட்கிறார்கள், பின்னாலேயே மூன்று, நான்கு, ஆறு பிள்ளைகள். பார்க்க மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது என்கிறார். 1727 தொடங்கி அயர்லாந்தில் தொடர்ந்து விளைச்சல் மோசம், அவர் மிகைப்படுத்தவில்லை. நாமும் தலையாட்டுகிறோம். பிறகு கணக்கு தொடங்குகிறது. ஜனத்தொகை 15 லட்சம். பிள்ளை பெறும் தம்பதிகள் 2 லட்சம். அதில் பிள்ளைகளை வளர்க்க வசதியுள்ளவர்கள் 30,000, கழித்தால் 1,70,000. கருச்சிதைவுக்கும், ஒரு வயதுக்குள் இறந்துபோகும் குழந்தைகளுக்கும் 50,000. மிச்சம், வருஷத்துக்கு 1,20,000 ஏழைக் குழந்தைகள். கணக்கில் ஒரு பிழையும் இல்லை. நான் சரிபார்த்தேன் (தொழில் புத்தி).

ஆனால் எண்களுக்கு முன்பே ஒரு வேலை நடந்து முடிந்துவிடுகிறது. 'அம்மா' என்று வர வேண்டிய இடத்தில் ஸ்விஃப்ட் 'டேம்' என்று எழுதுகிறார். ஆடு, மாடு, குதிரைகளின் தாயை ஆங்கிலத்தில் அப்படித்தான் சொல்வார்கள். தமிழில் 'குழந்தை பெற்றாள்' என்பதற்குப் பதிலாக 'குட்டி போட்டது' என்று எழுதினால் எப்படி இருக்கும், அப்படி. அடுத்து, கணக்கில் வரும் பெண்கள் 'ப்ரீடர்ஸ்' ஆகிறார்கள். இதுவும் பண்ணைச் சொல். முதல்முறை படிக்கும்போது இந்தச் சொற்களை நாம் தாண்டிப் போய்விடுகிறோம், ஏனென்றால் பேசுகிறவர் அக்கறையோடு பேசிக்கொண்டிருக்கிறார். குழந்தையை வேகவைக்கலாமா வறுக்கலாமா என்று அவர் கேட்கும்போதுதான் நமக்குத் தூக்கிவாரிப்போடுகிறது. அதற்குள் அந்தப் பெண்களை விலங்குகளாக ஒப்புக்கொண்டு நான்கு பத்தி கடந்து வந்துவிட்டோம்.

இந்தக் குரலை ஸ்விஃப்ட் கற்பனையில் உருவாக்கவில்லை. அவருக்கு முந்தைய தலைமுறையில் வில்லியம் பெட்டி என்றொருவர் இருந்தார். கிராம்வெல் படையோடு அயர்லாந்துக்கு வந்த மருத்துவர். பறிமுதல் செய்த நிலங்களை அளந்து வரைபடம் போட்டவர். தானும் ஏராளமான நிலம் சேர்த்துக்கொண்டவர். அரசியலை எண், எடை, அளவு வழியாகப் பேசும் முறைக்கு 'பொலிட்டிக்கல் அரித்மெட்டிக்' என்று பெயர் வைத்தவரும் அவர்தான். போரில் செத்த ஐரிஷ்காரர்களின் மதிப்பை அவர் அடிமைச் சந்தை விலையை வைத்துப் போட்டார்: சராசரியாக ஆளுக்கு 15 பவுண்டு, குழந்தை என்றால் 5 பவுண்டு. அயர்லாந்து மக்களில் பெரும்பகுதியை இங்கிலாந்துக்குக் கொண்டுபோய்விட்டு, மிச்சமுள்ளவர்களை மேய்ப்பர்களாக வைத்து அந்தத் தீவையே மாட்டுப் பண்ணையாக்கலாம் என்றும் 1687-இல் எழுதினார். இதெல்லாம் கேலிக்காக எழுதியது இல்லைங்க. நிஜமான கொள்கை அறிக்கை. பெட்டியைப் படித்துவிட்டு ஸ்விஃப்ட்டிடம் திரும்பினால், ஸ்விஃப்ட் சேர்த்தது ரொம்பக் கொஞ்சம் என்று தெரியும். மனிதர்களுக்கு விலை ஏற்கெனவே போட்டாயிற்று. சமையல் குறிப்பு மட்டும்தான் பாக்கி.

நான் பன்னிரண்டு வருடமாக மென்பொருள் வேலையில் இருக்கிறேன். இந்தப் பிரசுரம் என்னை ஏன் இப்படிப் பிடித்துக்கொண்டது என்பதற்கு அதுவும் ஒரு காரணம். எங்கள் துறையில் ஆள் என்று யாரும் சொல்வதில்லை, 'ரிசோர்ஸ்'. வேலை ஒதுக்கப்படாதவர் 'பெஞ்ச்'. நாற்பது பேரை வீட்டுக்கு அனுப்புவது 'ரைட்சைசிங்'. அப்படி ஒரு கூட்டத்தில் நானும் இருந்திருக்கிறேன். அதை நடத்தியவர் மிக மென்மையானவர், யாரையும் அதட்டிப் பேசியதே கிடையாது. எக்செல் தாளில் வடிகட்டி ஒன்றைப் போட்டார், வரிசைகள் மறைந்தன. 'க்ளீனா இருக்கு' என்றார். அந்த அறையில் கோபப்படுவதற்கு ஒரு முகம்கூட இல்லை. அதிகாரத்துக்குக் கொம்பும் கோரைப்பல்லும் வரைகிற எழுத்து இந்த மாதிரி இடத்தில் எதையும் தொடாது என்று எனக்குப் படுகிறது.

நம்மிடம் வஞ்சப்புகழ்ச்சி இருக்கிறதே என்று யாராவது கேட்கலாம். அதியமானுக்காகத் தூது போன ஔவைக்குத் தொண்டைமான் தன் ஆயுதச் சாலையைக் காட்டுகிறான். உன் ஆயுதங்கள் பீலியும் மாலையும் சூடி, நெய் பூசி, காவலுள்ள மாளிகையில் பத்திரமாக இருக்கின்றன. அவனுடையவையோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறாள் ஔவை. புறநானூற்றின் 95-ஆம் பாட்டு. அபாரமான அரசியல் கவிதை. ஆனால் அங்கே ஔவை ஔவையாகவே நின்று பேசுகிறாள், அரசன் எதிரே நிற்கிறான். குத்தல் யாரை நோக்கி என்பதில் குழப்பமே இல்லை. ஸ்விஃப்ட் தன்னை முழுக்க மறைத்துக்கொண்டு எதிராளியின் வாயால் பேசுகிறார். இதில் ஆபத்து ஜாஸ்தி. வாசகர் பாதியில் நிறுத்திவிட்டால் யோசனை மட்டும்தான் மிஞ்சும்.

நேராகப் பேசத் தெரியாமல் அவர் இந்த வழிக்கு வரவில்லை. வுட் என்ற ஆங்கில வியாபாரி அயர்லாந்துக்குச் செப்புக் காசு அடிக்கும் உரிமையைப் பெற்றதை எதிர்த்து, 1724-இல் துணி வியாபாரி என்ற புனைபெயரில் ஸ்விஃப்ட் கடிதங்கள் எழுதினார். நான்காவது கடிதத்தை எழுதியவரைக் காட்டிக்கொடுத்தால் 300 பவுண்டு என்று அரசு அறிவித்தது. எழுதியது யாரென்று டப்ளினில் பலருக்கும் தெரியும், ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆனால் அச்சிட்ட ஜான் ஹார்டிங்கைச் சிறையில் போட்டார்கள். 1725-இல் அவர் இறந்துபோனார். நான்கு வருடம் கழித்து வந்த பணிவான யோசனையின் முகப்பில் 'எஸ். ஹார்டிங்' என்று இருக்கிறது. அவருடைய மனைவி சாரா.

அந்தக் காசுத் திட்டம் கைவிடப்பட்டது. ஆனால் பெரிய விஷயங்களில் யாரும் காது கொடுக்கவில்லை. பிரசுரத்தின் பின்பகுதியில், வேறு தீர்வுகளைப் பற்றி என்னிடம் யாரும் பேச வேண்டாம் என்று கனவான் ஒரு பட்டியல் போடுகிறார். ஊரில் இல்லாத நிலச்சுவான்தார்களுக்கு வரி, உள்ளூர்த் துணியையே உடுத்துவது, குத்தகைதாரர்களிடம் துளியாவது இரக்கம். எல்லாம் நியாயமானவை. பலவற்றை ஸ்விஃப்ட்டே வருடக்கணக்காகச் சொல்லிக் களைத்தவர். முகமூடி அணிந்தபடியே தன் வாழ்நாள் வேலையை ஒவ்வொன்றாக அவர் குப்பைத்தொட்டியில் போடுகிறார். பிள்ளைக்கறியைவிட இந்தப் பத்தியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஸ்விஃப்ட்டை ஏழைகளின் தோழனாக்கி மாலை போடுவதில் எனக்குச் சம்மதம் இல்லை. அவர் ஆங்கிலேய வம்சாவளி, ப்ராட்டஸ்டன்ட், தேவாலயத் தலைவர். டப்ளின் பிச்சைக்காரர்களுக்கு வில்லை மாட்ட வேண்டும், வெளியூரிலிருந்து வருகிறவர்களை விரட்ட வேண்டும் என்று 1737-இல் நிஜமாகவே ஒரு யோசனை எழுதினார், அதில் கேலி கிடையாது. மாடஸ்ட் ப்ரொபோசலின் குரல் அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியதற்குக் காரணம், அந்தக் குரலில் ஒரு பங்கு அவருடையது என்பதாகவே இருக்க வேண்டும். வெளியே நின்று பகடி செய்கிறவனுக்கு அந்தச் சுருதி கிடைக்காது. இன்று கார்ப்பரேட் மொழியைக் கிண்டலடிக்கும் மீம்களில் பெரும்பாலானவை இரண்டாம் நாளே பழசாகிவிடுகின்றன. அந்த மொழி தன் வாயிலும் இருக்கிறது என்பதை அவை கணக்கில் எடுப்பதே இல்லை.

பிரசுரம் முழுக்க ஏழைகள் யாரும் பேசுவதில்லை. முடிவுக்குச் சற்று முன்னால் ஒரே ஓரிடத்தில் கனவானின் குரல் பிசகுகிறது. என் யோசனை பிடிக்காதவர்கள் முதலில் அந்தக் குழந்தைகளின் பெற்றோரைப் போய்க் கேட்கட்டும் என்கிறார். ஒரு வயதிலேயே உணவுக்கு விற்கப்பட்டு, குத்தகை நெருக்கடி, பசி, குளிர் என்று இத்தனை வருடம் அனுபவித்ததிலிருந்து தப்பித்திருந்தால் அதையே பாக்கியமாக நினைத்திருப்பார்களா இல்லையா என்று. பேசுவது கனவானா ஸ்விஃப்ட்டா என்று அங்கே பிரிக்க முடிவதில்லை. அடுத்த பத்தியில் கனவான் சுதாரித்துக்கொள்கிறார். இதில் தனக்குச் சொந்த லாபம் எதுவும் இல்லை என்கிறார். கடைசிப் பிள்ளைக்கு ஒன்பது வயது, மனைவியும் பிள்ளை பெறும் வயதைத் தாண்டிவிட்டாளாம்.