பாகவதருக்குச் சிந்திய கண்ணீர்

எம். கே. தியாகராஜ பாகவதர் 1959 நவம்பர் 1ஆம் நாள் சென்னையில் மறைந்தார். அவர் குரலில் உயிரை வைத்திருந்த ரசிகர்கள் அழுதனர். அந்தக் கண்ணீர் பொய்யன்று. ஆயினும் அது பிந்தி வந்த கண்ணீர் என்பதை விமர்சகன் சொல்லியே ஆகவேண்டும்.

1944இல் வெளிவந்த ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே அரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அவ்வாண்டின் இறுதியிலேயே லட்சுமிகாந்தன் கொலைவழக்கில் பாகவதர் கைதானார். ஆயுள்தண்டனை பெற்று, பிரிவி கவுன்சில் வரை வழக்காடி, 1947இல் விடுதலையானார். நீதிமன்றம் விடுவித்தது, சந்தை விடுவிக்கவில்லை. ‘ராஜமுக்தி’, ‘அமரகவி’, ‘புதுவாழ்வு’ ஆகிய படங்கள் பழைய வெற்றியை மீட்டுத் தரவில்லை.

ரசனை மாறியது உண்மை. பாட்டுக்காகவே கதை என்றிருந்த படவுலகில் வசனம் அரசோச்சத் தொடங்கிற்று. பின்னணிப் பாடகர் வந்தபின், நடிகன் பாடவேண்டிய தேவையும் ஒழிந்தது. இம்மாற்றம் இயல்பே. ஆனால், கலைஞனைத் தெய்வமாக்கி லாபம் குவித்த முறை, அவன் மனிதனாக வீழும்போது தாங்குவதற்கு எந்த ஏற்பாட்டையும் செய்து வைக்கவில்லை.

திருக்கோணமலைத் துறைமுகத் தொழிலாளிக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. 1957இல் பிரித்தானியக் கடற்படை அத்தளத்தை விட்டகன்றது. பயன் தீர்ந்தபின் ஆளை மறப்பதே சுரண்டலின் இலக்கணம் என்பதை அவன் தன் கூலியிலேயே படித்தவன்.

இன்றும் பாடகர் ஒருவர் துயருற்று இறந்தால் மாலைகள் குவிகின்றன. மாலை வேண்டாமென்பாரில்லை. உயிரோடிருக்கும் கலைஞனின் ஊதியத்தையும் மருத்துவத்தையும் ஓய்வையும் கேட்கும் குரலாக அக்கண்ணீர் மாறுமானால் அது அஞ்சலி. இல்லையேல், அதுவும் சந்தைக்கு இன்னொரு வரவே.