வயித்துலேர்ந்து கத்தும்மா!

முதலாமாண்டு தங்கச்சிகளில் யாரைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது இதுதான்: “என்.சி.சி.ல சேந்துட்டியா?” ஹாஸ்டலில் ரூம் கிடைத்ததா, மெஸ் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா என்பதெல்லாம் அப்புறம். தோழிகள் எனக்கு ‘காக்கிப் பைத்தியம்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வைத்துக்கொள்ளட்டும்.

ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் பக்கம் பொறியியல் படிக்கிறவர்களுக்கு எதிர்காலம் வகுப்பு ஜன்னல் வழியாகவே தெரியும். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், ஒரகடத்தில் ரெனால்ட், ராயல் என்ஃபீல்டு, பாரத்பென்ஸ், சுங்குவார்சத்திரத்தில் ஃபாக்ஸ்கான். என் அப்பாவும் இந்தச் சாலையில் ஒரு கம்பெனியின் பெயின்ட் ஷாப்பில்தான் இருக்கிறார். கேம்பஸ் இன்டர்வியூ, ட்ரெய்னி, ஷிஃப்ட் என்று பாதை போட்டு வைத்தாயிற்று. குறையாகச் சொல்லவில்லை, அந்தச் சம்பளம்தான் என் ஃபீஸ் கட்டுகிறது. ஆனால் பி.இ. முடித்த பெண் ராணுவ அதிகாரியாகித் தோளில் நட்சத்திரம் குத்திக்கொள்ளவும் வழி இருக்கிறது என்று பரேடு மைதானத்துக்குப் போகும்வரை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

அந்த மைதானத்தில்தான் எனக்குக் குரல் கிடைத்தது. வகுப்பில் வருகைப்பதிவுக்கு நான் சொல்லும் “எஸ் சார்” சாருக்கே கேட்காது. அப்படிப்பட்டவளை முன்னால் நிறுத்தி ஸ்க்வாடுக்கு கமாண்ட் கொடுக்கச் சொன்னார் எங்கள் ஸ்டாஃப். பயிற்சி தர வரும் ஹவில்தாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். வேலூர்ப் பக்கத்து மனிதர். மைதானத்தை ஒட்டி ட்ரெய்லர் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு போகின்றன. நான் “சாவ்தான்” (அட்டென்ஷன்) என்றேன். முதல் வரிசை மட்டும் விறைத்தது. பின்னால் இருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். “வயித்துலேர்ந்து கத்தும்மா! தொண்டையில கத்துனா ரெண்டாவது வரிசைக்குக்கூடக் கேக்காது” என்றார். மூச்சை இழுத்து அடிவயிற்றிலிருந்து விட்டேன் பாருங்கள், முப்பது ஜோடி பூட்ஸ் ஒரே அடியாகத் தரையில் இறங்கியது! அந்தச் சத்தத்துக்கு ஈடு எதுவும் இல்லை. ஏ.ஆர்.ரஹ்மான் ரசிகர்கள் மன்னிக்கவும்.

அப்புறம் அந்தச் சீருடை! புது பெரட் தொப்பியை வெந்நீரில் நனைத்து, ஈரத்தோடு தலையில் மாட்டி, வலப்பக்கம் சரித்துச் சரித்து வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். பெல்ட் பக்கிளுக்கு பிராசோ, ஷூவுக்கு பாலிஷ் போட்டுப் பஞ்சால் வட்டவட்டமாகத் தேய்ப்பது என்று பரேடுக்கு முந்தின ராத்திரி எங்கள் ரூம் பட்டறை மாதிரி இருக்கும்.

முகாமில் ஃபயரிங் நாள் தனி ரகம். குப்புறப் படுத்து, பாயின்ட் 22 ரைஃபிளின் கட்டையைத் தோள்குழியில் இறுக்கி, கன்னத்தை அதன்மேல் வைத்தால் மரமும் எண்ணெயும் கலந்த ஒரு வாசனை வரும். பாதி மூச்சை விட்டு மீதியை நிறுத்தி, ட்ரிக்கரை இழுக்காமல் மெல்ல அழுத்த வேண்டும். இலக்கு அட்டையைக் கொண்டுவந்து காட்டியபோது என் ஓட்டைகள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. அந்த அட்டை இன்றைக்கும் என் அலமாரிக் கதவில்தான் இருக்கிறது. எல்லோரும் இதற்காகத்தான் என்.சி.சி.க்கு வருகிறார்கள் என்று சொல்ல மாட்டேன், பரேடு முடிந்து தரும் பரோட்டாவுக்காக மட்டும் வருகிற பையன்களும் உண்டு. அதுவும் நியாயமான காரணம்தான்.

இப்போது கொஞ்சம் காரியப் பேச்சு. 1948-ல் தொடங்கிய என்.சி.சி.யில் மறுவருடமே பெண்கள் பிரிவும் வந்துவிட்டது. சேர்ந்தால் ராணுவத்துக்குப் போயே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் கிடையாது. போக ஆசைப்பட்டால் ‘சி’ சான்றிதழ் பெரிய வரம். அதில் குறைந்தது ‘பி’ கிரேடும், பட்டப்படிப்பில் 50 சதவீதமும் இருந்தால், ராணுவத்தின் என்.சி.சி. சிறப்பு நுழைவில் எழுத்துத் தேர்வே இல்லாமல் விண்ணப்பிக்கலாம். அழைப்பு வந்தால் நேராக எஸ்.எஸ்.பி. நேர்காணல்தான். ஐந்து நாள் உங்களைப் பிரித்து மேய்வார்கள். படத்தைக் காட்டிக் கதை எழுதச் சொல்வார்கள், பலகையும் கயிறும் கொடுத்துக் குழுவாகத் தடை தாண்டச் சொல்வார்கள். பெண்களுக்கு இடம் மிகக் குறைவு என்பதையும் சொல்லிவிட வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் எனக்குக் கோபம் உண்டு.

தேர்வானால் பயிற்சி எங்கே தெரியுமா? நம் பரங்கிமலையில்! அங்குள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் 1992 முதல் பெண்களும் பயிற்சி பெறுகிறார்கள். 49 வாரம், உதவித்தொகை மாதம் 56,100 ரூபாய். அம்மா சம்மதித்தது அந்தத் தொகையைக் கேட்டுத்தான். ஏனாத்தூரில் பி.காம். படித்த மேஜர் முகுந்த் வரதராஜனும் அங்கே பயிற்சி பெற்றுத்தான் 2006-ல் அதிகாரியானார். அவர் கதையைச் சொன்ன ‘அமரன்’ படம் வந்த பிறகு எங்கள் கல்லூரி என்.சி.சி. அறை வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

அகாடமியின் நிறைவு அணிவகுப்பைப் பார்க்க எங்களைக் கூட்டிப்போனார்கள். அணிவகுப்பு மைதானத்துக்கு மேஜர் ராமசாமி பரமேஸ்வரனின் பெயர். அதே நிறுவனத்தில் பயின்று 1972-ல் அதிகாரியாகி, 1987 நவம்பரில் இலங்கையில் அமைதிப்படைப் பணியில் உயிரிழந்து, பரம்வீர் சக்ரா பெற்றவர் அவர். பெற்றோரே பிள்ளைகளின் தோளில் நட்சத்திரத்தை அணிவித்தார்கள். ஓர் அம்மா வாயில் சேஃப்டி பின்னைக் கடித்துக்கொண்டு மகளின் தோள்பட்டையைச் சரிசெய்தார். பள்ளி ஆண்டுவிழாவுக்குத் தாவணி மடிப்பைச் சரிசெய்கிற அதே அவசரம். நான் விசிலடித்தே விட்டேன். ஸ்டாஃப் திரும்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

நர்ஸாகும் ஆசை உள்ள தங்கச்சிகளுக்கு வேறு பாதை: புனே ஏ.எஃப்.எம்.சி. போன்ற ராணுவ நர்சிங் கல்லூரிகளில் நான்கு வருட பி.எஸ்சி. நர்சிங். முடித்ததும் ராணுவ செவிலியர் பணியில் லெப்டினன்ட். நீட் மதிப்பெண் கேட்பார்கள், பிளஸ் டூவிலேயே தயாராகுங்கள். எங்கள் தெருவில் ஒருத்தியை இப்போதே பிடித்து வைத்திருக்கிறேன். அவள் அம்மாவுக்கு என்னைக் கண்டாலே ஆகவில்லை.

என்.சி.சி. ஆள் சேர்ப்பு பெரும்பாலும் வகுப்பு தொடங்கிய கையோடு நடக்கும். அறிவிப்புப் பலகையைப் பாருங்கள், சீனியரை நச்சரியுங்கள். அன்றைக்கு ஓடச் சொல்வார்கள், செருப்போடு வராதீர்கள். ஷூ இல்லையென்றால் எங்கள் ரூமுக்கு வாங்க, சைஸ் 6 இருக்கிறது.