இலையாக வாழும் வேர்

வன்னியில் நீர்ப்பூ என்றால் குளத்துப் பூதான். தாமரையும் ஒல்லியும் சேற்றில் வேரூன்றி, அசையாத நீர்மேல் இலை விரித்து ஆறுதலாகப் பூப்பவை. கனகராயன் ஆறும் சமதரையில் நடந்து வந்து இரணைமடுவில் அடங்கிவிடுகிறது, அருவி எமக்கில்லை. பாய்கிற வெள்ளத்தில், ஒரு பிடி மண்ணுமில்லாத பாறையில் பூக்கிற செடி இதே தீவில் உண்டென்பது அதனாலேயே எனக்குத் தீராத வியப்பு.

பேராதனைக்கு அருகே, ஹக்கிந்தவில் மகாவலி பாறைகளில் மோதிப் பாயுமிடத்தில் அறியப்பட்ட செடி அது. பெயர் ஃபார்மேரியா மெட்ஸ்ஜெரியோய்டிஸ். அரியது. பார்ப்பவர் பாசி என்றே கடந்துபோவர். பாறையை ஒட்டிப் படரும் அந்தப் பச்சை நாடா உண்மையில் வேர். மண்ணுக்குள் மறைந்திருக்கவேண்டியது வெளிச்சத்தில் கிடந்து, பச்சையம் பூண்டு, இலையின் தொழிலையும் தானே செய்கிறது. வெள்ளம் பற்றியிழுக்க நெடிய தண்டில்லை, அகன்ற இலையில்லை.

காலம் பார்ப்பதில் இன்னும் நயம். நீருக்கடியிலேயே மொட்டுக் கட்டி மெல்லிய உறைக்குள் மூடி வைத்திருக்கும். மழை ஓய்ந்து, ஆறு இறங்கி, பாறை தலைகாட்டும்போது உறை கிழிந்து பூ வெளிவரும். குளம் வற்றினால் தாமரை வாடும். இதற்கோ நீர் வற்றுவதே பூக்காலம். வெயிலில் உடல் காய்ந்துபோகுமுன் பூத்துக் காய்த்து முடித்துவிட வேண்டும்.

இதன் உறவுச்செடிகள் பல தூள்போன்ற விதைகளை ஏராளமாகச் சிந்துபவை. நனைந்தால் பசையாகும் தோல் அவ்விதைகளைப் பாறையில் ஒட்டவைக்கும். ஃபார்மேரியாவின் காய் வெடிப்பதேயில்லை. உள்ளே இரண்டே விதைகள். தாய் வாழ்ந்த இடத்திலேயே அவை முளைக்கும். பற்றிக்கொள்ள இடம் அரிதான ஆற்றில் எவ்வளவு நேர்த்தியான சிக்கனம்!

பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராக இருந்த ஜே. சி. வில்லிஸ் இலங்கையிலும் இந்தியாவிலும் வளரும் ஃபார்மேரியாவின் குடும்பத்துச் செடிகளை ஆராய்ந்து 1902இல் விரிவாக எழுதினார். ஒரேவகைப் பாறை, ஒரேவகை நீரோட்டம். ஆனால் ஒன்று நாடா, ஒன்று தகடு, இன்னொன்று நீரோடு ஆடும் இழை. சூழல் ஒன்றாயிருக்க உருவங்கள் ஏன் இத்தனை என்ற கேள்வி, இயற்கைத் தேர்வையே ஐயுறும்வரை அவரைக் கொண்டுபோனது. அவர் கண்ட விடையை ஏற்காதவரும் அந்தப் பார்வையின் கூர்மையை மறுக்கமாட்டார்.

ஆறு பருவத்தில் ஏறி, பருவத்தில் இறங்கினால்தான் இச்செடிக்கு வாழ்வு. அணையால் வயல் விளைவிக்கும் வன்னியார் நாம். அணையின் அருமை நமக்குத் தெரியும். எந்த ஆற்றை மறிப்பதானாலும், நீர் இறங்கும் காலத்தில் அதன் பாறைகளை ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டே மறிக்கவேண்டும்.