பாதி வேகத்தில் தோடி

செம்பரம்பாக்கத்திலிருந்து பூந்தமல்லி, போரூர் நெரிசலைத் தாண்டி மயிலாப்பூருக்கு வயலின் வகுப்புக்குப் போய்த் திரும்பினால் மாலை முழுக்கச் சாலையிலேயே போய்விடும். அதனால் வாரத்துக்கு ஒரு வகுப்புதான் வாய்க்கிறது. மற்ற நாட்களில் சாதகத்துக்குத் துணை, போனில் இருக்கும் ‘அமேசிங் ஸ்லோ டவுனர்’. ஸ்வீடனின் ரோனி மியூசிக் தயாரித்த செயலி.

அந்தக் காலத்தில் 33⅓ சுற்று எல்பி தட்டை 16⅔-இல் ஓடவிட்டால் வேகம் பாதியாகும். கூடவே சுருதியும் ஒரு ஸ்தாயி கீழே இறங்கிவிடும். இந்தச் செயலியோ ஒலியை நுண்ணிய துண்டுகளாக நறுக்கி, ஒன்றன்மேல் ஒன்று படியும்படி அடுக்கி நீட்டுகிறது. சுருதி அசைவதில்லை.

லால்குடி ஜெயராமனின் தோடி ஆலாபனையில் ஒரு பிருகாவுக்குத் தொடக்கமும் முடிவும் குறித்து, 70 சதவீதத்தில் திரும்பத் திரும்ப ஓடவிட்டேன். ஒரே வீச்சாகக் கேட்டது பிரிந்து வந்தது. வில் எங்கே திரும்புகிறது, விரல் எந்த ஸ்வரத்தைத் தொட்டும் தொடாமலும் சறுக்குகிறது என்பதெல்லாம் காதில் விழுகிறது. காந்தாரம் ஓரிடத்திலும் நிற்காமல், ரிஷபத்துக்கும் மத்திமத்துக்கும் நடுவே ஏறி இறங்கும் பாதையைப் பின்தொடர முடிகிறது. இந்த ஒன்றுக்காகவே இதை வாங்கலாம்.

சுருதியை அரைக் கட்டை அரைக் கட்டையாகவும், அதற்குள்ளே சென்ட் கணக்கிலும் நகர்த்தலாம். பழைய பதிவுகள் பல எந்தக் கட்டையிலும் சரியாக உட்காராது. தந்தியைத் திருகாமல் பதிவையே நம் சுருதிக்குக் கொண்டுவந்துவிடலாம். யூடியூபில் 0.75, 0.5 என்று வேகம் குறையும், சுருதியை மாற்ற வழியில்லை. கணினி வைத்திருப்பவர்களுக்கு ஆடாசிட்டி இலவசமாகவே இரண்டையும் செய்துதரும்.

50 சதவீதத்துக்குக் கீழே போக வேண்டாம். வயலின் ஓரளவு தாங்கும், மிருதங்கம் தாங்காது. நீட்டுவதற்காக அதே துண்டு மறுபடி ஒலிப்பதால் சாப்பு இரட்டித்து மழுங்கும். இப்படி நீட்டும் பல செயலிகளிலும் இந்தத் தொல்லை உண்டு.

இதைவிட முக்கியமானது வேறொன்று. வர்ணத்தின் இரண்டாம் காலப் பதிவைப் பாதி வேகத்துக்கு இறக்கினால் அது முதல் காலம் ஆகிவிடாது. முதல் காலத்தில் காந்தாரத்துக்கு இடம் அதிகம், அசைவுகளும் அதிகம். இரண்டாம் காலத்தில் அவற்றில் சில உதிர்ந்துவிடும். உதிர்ந்ததைச் செயலியால் திருப்பித் தர முடியாது. எஞ்சிய அசைவுகளைத்தான் இழுத்துக் காட்டும். அதோடு சேர்ந்தே வாசித்துப் பழகினால் கையில் தொய்ந்த கமகம் படிந்துவிடும். ஆகவே மெதுவாகக் கேளுங்கள், ஸ்வரமாகப் பாடிப் பாருங்கள், செயலியை நிறுத்திவிட்டு வில்லை எடுங்கள். முதல் காலத்துக்கு, வகுப்பில் ஆசிரியர் வாசித்துக் காட்டுவதை அவர் அனுமதியோடு பதிவு செய்து, அதை மட்டும் வேகம் மாற்றாமல் கேளுங்கள்.