'கொக்கா'வின் படத்தாள்

ஒகாகுரா காகுசோவும் தகாஹாஷி கென்சோவும் 1889-இல் டோக்கியோவில் தொடங்கிய கலை இதழ் 'கொக்கா'. நாட்டின் மலர் என்று பொருள். 1905 முதல் 1918 வரை அது ஆங்கிலத்திலும் வந்தது. ஜப்பானிய ஓவியத்தைப் பற்றிப் பெரும்பாலும் மேலை நாட்டாரே ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டிருந்த காலம் அது. அப்போது ஜப்பானிய அறிஞர்கள் தங்கள் வாயாலேயே பேசியது பெரிய காரியம்.

ஆனால் அந்த இதழின் உயிர் கட்டுரையைவிடப் படத்தாளில்தான் இருந்தது என்பேன். கறுப்பு வெள்ளைப் படங்களுக்குக் கொலோடைப் என்ற ஒளிப்பட அச்சு. வண்ணப் படங்களுக்கு மரப்பலகை அச்சு. நிறத்துக்கொரு பலகையாகச் செதுக்குவார்கள். சாயம் பூசிய பலகைமேல் ஈரத் தாளை விரித்து, 'பாரென்' என்ற வட்டத் தேய்ப்பானால் முதுகுப்புறம் அழுத்தித் தேய்ப்பார்கள். பலகையில் வெட்டிய 'கென்தோ' என்ற குறியில் தாளின் விளிம்பு பிசகாமல் உட்கார வேண்டும். மயிரிழை தப்பினாலும் உதட்டுச் சிவப்பு கன்னத்தில் விழும். பழைய பட்டு ஓவியத்தின் மங்கிய பழுப்பும் அச்சுக் கலைஞர்களுக்கு அச்சிட வேண்டிய ஒரு நிறம்தான். உகியோ-எ என்ற மரப்பலகைப் படங்களின் அச்சுத்தொழில் நொடித்துப்போன நாளில் அந்தக் கைத்திறன் இப்படியொரு வேலையில் பிழைத்தது.

குறையும் இந்தப் படத்தாளிலேயே இருக்கிறது. நீள்சுருள் ஓவியத்தை வலக்கையால் சுருட்டி இடக்கையால் விரித்து, ஒரு முழ அளவாகப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். படத்தாளோ அதில் ஒரு காட்சியை நறுக்கி நிறுத்துகிறது. முன்னும் பின்னும் போய்விடுகின்றன. கை அசைவும் போய்விடுகிறது.

உடைமையாளர் விஷயம் இன்னும் சிக்கலானது. பணமுடையில் தவித்த இதழை 1891-இல் தாங்கிக்கொண்டவர்கள் அசாஹி நாளிதழின் முராயாமா ரியோஹேயும் உவேனோ ரீச்சியும். இருவருமே கலைப்பொருள் சேகரிப்பாளர்கள். அவர்கள் இல்லையென்றால் இதழ் அன்றே நின்றிருக்கும். அந்த நன்றியை மறுக்க முடியாது. ஆனாலும் சேகரிப்பாளரின் ஆதரவில் நடக்கும் இதழ், சேகரிப்பாளர் வீட்டு ஓவியத்தைக் கறாராக எடைபோடுவது எளிதல்ல. ஓவியத்தோடு உடைமையாளர் பெயரும் அச்சாகும். 'கொக்காவில் வெளியானது' என்ற குறிப்பை ஏல விவரப்பட்டியல்கள் இன்றும் சான்றாகக் காட்டுகின்றன. ஆய்வுக்காக அச்சிட்ட படம் விலைக்கும் வலுச் சேர்க்கிறது.

1919 டிசம்பரில் சதாகே பிரபுக் குடும்பத்திலிருந்து வந்த, முப்பத்தாறு கவிஞர்களைத் தீட்டிய நீள்சுருளை 37 துண்டுகளாக வெட்டினார்கள். முழுச்சுருளை வாங்க ஒருவருக்கும் கட்டுப்படியாகவில்லை. தொழிலதிபர் மசுதா தகாஷியின் வீட்டில் சேகரிப்பாளர்கள் குலுக்கல் முறையில் பங்கிட்டுக்கொண்டார்கள். இதற்குக் 'கொக்கா' காரணமென்று பழி சொல்ல மாட்டேன். ஆனால் சுருளைத் தனித்தனிப் படங்களாகப் பார்க்கப் பழகிய கண்ணுக்கு அந்த வெட்டு அவ்வளவாக உறுத்தியிருக்காது.

நூறாண்டு கழித்து, 2019-இல், கியோத்தோ தேசிய அருங்காட்சியகம் அவற்றில் 31 துண்டுகளைத் திரட்டிக் காட்சிக்கு வைத்தது. ஒவ்வொரு கவிஞரும் தனித்தனிப் பட்டுச் சட்டத்துக்குள் சுவரில் தொங்கினார். விரித்துப் பார்க்க அங்கே சுருள் இல்லை.