ட்ராக் செட்டிங்: கேம்பர் வரை சரி

இருங்காட்டுக்கோட்டை ட்ராக்கிலோ கோவை கரி ஸ்பீட்வேயிலோ ஆண்டுக்கு இரண்டொரு முறை சொந்தக் காரை ஓட்டிப் பார்க்க ஆசைப்படுபவர்களில் பலர், அதற்கென்றே சக்கரங்களின் கோணத்தை மாற்றிக்கொள்கிறார்கள். இந்த வழக்கத்தில் நன்மையும் உண்டு, கேடும் உண்டு. கேம்பரையும் டோவையும் சேர்த்து ‘ட்ராக் செட்டிங்’ என்று ஒரே பெயரில் சொல்லிவிடுவதால், எதில் நன்மை, எதில் கேடு என்பது தெரியாமல் போகிறது.

முதலில் கேம்பர், அதாவது முன்னிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் கோணம். நம் ஹேட்ச்பேக் கார்கள் பெரும்பாலானவற்றில் முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட்தான். வேகமாக வளையும்போது பாடி வெளிப்பக்கம் சாய்கிறது. வெளிச்சக்கரமும் அதோடு சாய்ந்து டயரின் வெளியோரத்தில் நிற்கிறது. இந்தச் சாய்வில் ஒரு சிறு பங்கைத்தான் ஸ்ட்ரட் ஈடுகட்டும். அதனால் சக்கரத்தின் மேல்பகுதியை முன்கூட்டியே ஒன்றரை, இரண்டு டிகிரி உள்பக்கம் சாய்த்து (இதுதான் நெகட்டிவ் கேம்பர்) வைத்தால், வளைவில் டயர் முழு அகலத்தில் தரையைப் பிடிக்கும். முன்சக்கரங்களே இழுக்கவும் திரும்பவும் வேண்டிய கார்களில் இதன் பலன் முதல் சுற்றிலேயே ஸ்டீயரிங்கில் தெரியும். வெளியோரம் மட்டும் கரைந்து டயர் வீணாவதும் குறையும்.

தேவையா என்பதை டயரே சொல்லும். ஓட்டத்துக்கு முன் டயரின் பட்டன் ஓரத்திலிருந்து பக்கச்சுவர் வரை சாக்பீஸால் ஒரு கோடு இழுங்கள். நான்கைந்து சுற்று முடித்து வந்து பாருங்கள். கோடு பட்டன் தாண்டிப் பக்கச்சுவரிலும் அழிந்திருந்தால் டயர் மடங்குகிறது. முதலில் காற்றழுத்தத்தைச் சரிசெய்யுங்கள். அதன் பிறகும் வெளியோரமே அதிகம் சூடாகித் தேய்ந்தால்தான் கேம்பரில் கைவைக்க வேண்டும். இந்தச் சோதனையைச் செய்யாமல் யாரோ சொன்ன எண்ணை அப்படியே வைப்பதே இந்த வழக்கத்தின் பெரிய பலவீனம்.

கேம்பருக்கும் விலை உண்டு. நேர்கோட்டில் பிரேக் போடும்போது டயரின் உள்ளோரத்தில் பாரம் கூடுகிறது. மழையில் இது கவலைக்குரியது. கோணத்தை மாற்றக் கேம்பர் போல்ட் வைத்திருந்தால் இன்னொரு கவலையும் உண்டு. அது ஒரிஜினல் போல்ட்டை விட மெல்லியது. சரியான இறுக்கத்துக்கு முறுக்கவில்லை என்றால், ஆழமான ஒரு பள்ளத்தில் விழுந்ததும் கோணம் நகர்ந்துவிடும்.

டோ, அதாவது மேலிருந்து பார்க்கும்போது சக்கரம் நோக்கும் திசை, வேறு வகை. முன்சக்கரங்கள் சற்றே வெளிப்பக்கம் பார்த்து நிற்கும் டோ-அவுட், கார் சட்டென வளைவில் நுழைய உதவும். ட்ராக்கில் அது இனிமை. நெடுஞ்சாலையில் அதே கார் ஒவ்வொரு மேடுபள்ளத்திலும் அலைபாயும். சக்கரத்துக்கு 0.2 டிகிரி டோ என்றால், கிலோமீட்டருக்குச் சுமார் மூன்றரை மீட்டர் பக்கவாட்டில் உரசுகிறது. சென்னையிலிருந்து கோவை போய்ச் சேர்வதற்குள் அது ஒன்றே முக்கால் கிலோமீட்டர் ஆகிவிடும். உள்பக்கம் தேய்ந்த டயரைப் பார்த்துப் பலரும் கேம்பரைத் திட்டுகிறார்கள். பெரும்பாலும் குற்றவாளி டோதான்.

ட்ராக்குக்கு ஒன்று, ரோட்டுக்கு ஒன்று என்று மாற்றி மாற்றி வைக்கலாமே என்பார்கள். கேம்பரை அசைத்தால் டோவும் அசையும். ஒவ்வொரு முறையும் வீல் அலைன்மென்ட் மெஷினில் ஏற்றி டை ராடைத் திருப்பி, ஸ்டீயரிங்கை நேராக்க வேண்டும். ட்ராக் ஓரத்தில் கண் மதிப்பில் திருப்பிவிட்டு இரவில் வீட்டுக்கு ஓட்டி வருவது ஆபத்து.

ஆகவே என் தீர்ப்பு இது: முன்பக்கம் ஒன்றரை டிகிரி அளவில் நெகட்டிவ் கேம்பர், டோ பூஜ்யம், ஆண்டு முழுவதும் அதே செட்டிங். ட்விஸ்ட் பீம் உள்ள பின்பக்கத்தைத் தொட வேண்டாம். தேய்ந்த புஷ்ஷும் பால் ஜாயின்ட்டும் இருக்கும் காரில் இவை எதுவும் நிற்காது. செலவை அங்கிருந்தே தொடங்க வேண்டும். பந்தயக்காரருக்கு நொடியின் பின்னம் முக்கியம். வீட்டாரையும் ஏற்றிச் செல்லும் காரில், நேராக ஓடுவதும் நனைந்த ரோட்டில் நிற்பதும் அதைவிட முக்கியம்.