'வைல்டு' திரைப்படமும் ஒரு சொல்லின் பெயர்ப்பும்

ரிச்சர்டு எல்மன் எழுதிய வாழ்க்கை வரலாற்றை அடியொற்றி, பிரையன் கில்பர்ட் இயக்கிய 'வைல்டு' (1997), ஆஸ்கார் வைல்டு ஆல்பிரட் டக்ளசிடம் கொண்ட காதலைப் பரிவோடு காட்டுகிறது. 1888இல் வெளிவந்த தன்னல அரக்கன் கதையைப் படம் நெடுகிலும் இழைத்திருப்பது, மக்களைப் பிரிந்த தந்தையின் துயருக்கு நன்கு பொருந்துகிறது. ஆயின் வழக்கின் சொற்போரைப் படம் விரைந்து கடந்துவிடுகிறது.

1895 பிப்ரவரியில் டக்ளசின் தந்தை குவீன்ஸ்பெரி விட்டுச்சென்ற அட்டையில், பிழைபட எழுதிய வசைச்சொல்லைப் பலரும் அறிவர். அதற்கு முன்னின்ற சொல்லன்றோ வைல்டு தொடுத்த அவதூறு வழக்கில் எதிர்த்தரப்பின் சுமையைக் குறைத்தது! செயலை மெய்ப்பிக்க வேண்டுவதில்லை. தோற்றத்தை மெய்ப்பித்தால் போதும். அச்சொல்லை 'வேடமிடுபவர்' எனப் பெயர்த்தால் குற்றச்சாட்டே மறுப்பாகிவிடும். 'அவ்வாறு தம்மைக் காட்டிக்கொள்பவர்' என்பது நீளமேனும் வழக்கின் நுட்பத்தைக் காக்கும். துணைத்தலைப்பின் ஒரு வரியில் அஃது அடங்குமா என்பது வேறு.